ஐயர் மேல ஒரு பிராது

இந்தப் பையைக் கொஞ்சம் உன் கால்மாட்டுல வச்சிக்கிடுதியா, பிள்ள? எனக்கு முட்டு மடங்க மாட்டேங்கு. திருச்செந்தூர் வரைக்குமா போற? நான் குரும்பூர்ல இறங்கிருவேன். அங்ஙன இருந்து எங்க ஊருக்கு மினிபஸ். பெத்தேல்விளை. சின்ன ஊரு, நீ கேள்விப்பட்டிருக்க மாட்ட.

பாளையங்கோட்டைக்கு ஆஸ்பத்திரிக்கு வந்தேன்னு நினைச்சிருப்ப. அதில்ல. பிஷப்பையாவைப் பாக்க வந்தேன். எங்க ஐயர் மேல ஒரு பிராது குடுக்கணும். ஐயர்னா சபைப் போதகர். எங்க பக்கம் அப்படித்தான் சொல்லுவோம்.

துட்டு விஷயமோன்னு பாக்கியா? சேச்சே. அந்த மனுஷன் தங்கம். சின்ன வயசு, அதிர்ந்து பேச மாட்டாரு. ஐயரம்மாவும் நல்ல பிள்ள. பிராது என்னன்னா, அவரு எங்க வீட்டுக்காரவியளை மோட்சத்துக்கு அனுப்பிட்டாரு.

சிரிக்காத. அடக்க ஆராதனையில, ஊரே கூடியிருக்கு, அப்போ சொல்லுதாரு: "அண்ணாச்சி இந்நேரம் ஆண்டவர்கிட்ட போய்ச் சேந்திருப்பாவ, எனக்கு அதுல சந்தேகமே இல்ல." சந்தேகமே இல்லையாம். அவருக்கு எங்க வீட்டுக்காரவியளை ரெண்டு வருஷமாத் தெரியும். கல்யாணமான நாள்லேருந்து கூட இருந்து பொங்கிப் போட்டவ நான். எனக்கு இருக்கே சந்தேகம்.

மோட்சம்னா என்ன, குற்றாலத்து அருவியா, போறவன் வாரவன் எல்லாம் நனைஞ்சிட்டுப் போக? அந்த வாசல் எம்புட்டுச் சின்னதுன்னு ஆண்டவரே சொல்லியிருக்காரு. பணக்காரன் அதுக்குள்ள போறதைவிட ஊசிக் காதுக்குள்ள ஒட்டகம் போறது லேசுன்னு சொல்லியிருக்காரு. ஆண்டவரே ஆண்டவரேன்னு கூப்பிடுறவன் எல்லாம் உள்ள வந்துர முடியாதுன்னும் சொல்லியிருக்காரு. பாத்துக்கோ, கூப்பிட்டவனுக்கே அந்தக் கதி. எங்க வீட்டுக்காரவிய கூப்பிட்டதே கிடையாது.

என்னைப் பத்தி நானே சொல்லக் கூடாது. இருந்தாலும் உனக்கு விளங்கணும்ல. வெள்ளிக்கிழமை உபவாச ஜெபத்தை நடத்துறது நான்தான். காய்ச்சல்னாலும் போவேன். ஒரு கன்வென்ஷன் கூட்டத்துல ஆண்டவர் பேசினாரு, அன்னைக்குக் கழட்டினதுதான் கம்மல், பாரு, தூர்ந்து போச்சு காது. சினிமா பாக்க மாட்டேன். என் கூடப்பிறந்த தம்பி மக கல்யாணத்துல கச்சேரி வச்சாம்னு சாப்பிடாம எந்திரிச்சு வந்தவ. தாழ்மை வேணும் தாழ்மை வேணும்னு ரொம்ப நாளா ஜெபம் பண்ணினேன், அதையும் குடுத்தாரு. எங்க சபையில என்னைவிடத் தாழ்மை உள்ளவ இருக்காளான்னு நீ யார்கிட்டயும் கேக்கலாம்.

அவ்வளவு பண்ணியும் எனக்குப் பயந்தான். ராத்திரி படுக்கும்போது, இன்னைக்கு யாரையாவது வாய்விட்டுப் பேசிட்டமோன்னு நினைச்சிக்கிட்டுத்தான் படுப்பேன். அவிய படுத்த உடனே குறட்டை. மடியில பாரமில்லாதவுக உறக்கம் அது. இல்ல, பாரம் இருக்குன்னே தெரியாதவுக உறக்கம்.

அவிய வாடகை வேன் ஓட்டினாவ. சொந்த வேன்தான். யாரு கூப்பிட்டாலும் போவாவ. திருச்செந்தூருக்கு, சபரிமலைக்கு, வேளாங்கண்ணிக்கு, ஏர்வாடிப் பள்ளிவாசலுக்கு. எல்லாரையும் வாசல்ல இறக்கிவிட்டுட்டு இவிய வண்டிக்குள்ள துண்டை விரிச்சுப் படுத்துக்கிடுவாவ. சரி, அஞ்ஞானிக கோயில்னா விடு. எங்க கன்வென்ஷனுக்கு எங்களைக் கூட்டிட்டுப் போனாலும் அதே கதைதான். பந்தலுக்கு வெளிய, வேப்பமரத்து நிழல்ல, வண்டிக்குள்ள உறக்கம். உள்ள எவ்வளவு அருமையான செய்தி குடுக்காவ, வந்து உக்காருங்கன்னா, "வண்டிக்கு ஆள் வேணும்ட்டி"ம்பாவ. வண்டியை யாரு தூக்கிட்டுப் போகப் போறா?

சபரிமலைக்குப் போயிட்டு வந்தா நெத்தியில விபூதியோட வீட்டுக்குள்ள வருவாவ. என்னதுன்னு கேட்டா, "சாமிமார் ஆசையாப் பூசிவிட்டாவ, வேண்டாம்னா மனசு சங்கடப்படும்லா." திருச்செந்தூருக்குப் போனா பஞ்சாமிர்தம் கொண்டு வருவாவ. நான் தொட மாட்டேன். விக்கிரகத்துக்குப் படைச்சது. அவிய கொல்லையில உக்காந்து விரலால வழிச்சுத் தின்னுவாவ, சின்னப் பிள்ளை கணக்கா.

நான் சொல்லாமலா இருந்தேன்? எத்தனை தடவை சொல்லியிருக்கேன். கோடிப் பேரு புறப்பட்டு நாலு பேரு உள்ள போற இடம் அது, இப்படி இருந்தா எப்படின்னு. அதுக்கு என்ன சொல்லுவாவ தெரியுமா? "அந்த நாலுல நீ ஒருத்தி. மத்த மூணு பேரும் உன்னை வச்சிக்கிட்டு என்ன பாடுபடப் போறாவளோ."

எதை எடுத்தாலும் இப்படித்தான்.

வேலம்மாள்னு ஒருத்தி, பக்கத்துத் தெரு. திருச்செந்தூர்க் கோயிலே கதின்னு கிடக்கிறவ. ஒரு மழைக்காலத்துல, அவ மகளுக்கு வலி வந்துட்டு. ரோடெல்லாம் தண்ணி, ஆம்புலன்ஸ் வர முடியல. அன்னைக்குக் காலையில எங்க பெண்கள் ஐக்கியம் முழுக்க இவிய வேன்லதான் கூட்டத்துக்குப் போகணும். எல்லாரும் வெள்ளைச் சேலை கட்டி, வேதப்புத்தகத்தைப் பிளாஸ்டிக் கவர்ல சுத்தி, எங்க சபைக் கோயில் வாசல்ல குடையோட நிக்கோம். வண்டி வரல. போயிட்டாவ, அந்தப் பிள்ளையை ஏத்திக்கிட்டு. வண்டி வயக்காட்டு நடுவுல நின்னு, வண்டிக்குள்ளயே பேரன் பிறந்து, அந்தி சாயத்தான் வந்தாவ. தாயும் பிள்ளையும் நல்லாத்தான் இருந்துது, அதைக் குறை சொல்லல. ஆனா அந்தக் கூட்டத்துக்கு அமெரிக்காவுல இருந்து ஊழியக்காரர் வந்திருந்தாரு. அந்தச் செய்தியை நாங்க கேக்கவே இல்ல. இன்னைக்கு வரைக்கும் கேக்கல.

போன வருஷக் கடைசியில அவியளுக்கு நெஞ்சுல கட்டின்னுட்டாவ. பீடி. திருநெல்வேலியில பாத்தோம், மதுரையிலயும் பாத்தோம். வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கம்மான்னுட்டாங்க. மகன் மஸ்கட்டுல. நான் ஒருத்திதான். அழுதேன், அழல்லைன்னு சொல்ல மாட்டேன். அப்புறம் கண்ணைத் துடைச்சிக்கிட்டேன். இருக்கிற காலம் கொஞ்சம், செய்ய வேண்டிய வேலை மலையா இருக்கு. இவியளை எப்படியாவது அந்த வாசலுக்குள்ள தள்ளிரணும்.

அன்னையில இருந்து தினமும் வீட்டுல ஜெபம். ஜெபக்குழுவுல உள்ள அத்தனை பேரும் கட்டிலைச் சுத்தி நிப்போம். அவிய நல்லபிள்ளை மாதிரி கண்ணை மூடிக்கிடுவாவ. கொஞ்ச நேரத்துல குறட்டை வரும். எல்லாரும் போன பிறகு கேப்பேன், "உங்களுக்கு இரட்சிப்பின் நிச்சயம் இருக்கா?" அதுக்கு, "உனக்கு இருக்குல்ல? வீட்டுக்கு ஒண்ணு போதாதா, ரேஷன் கார்டு மாதிரி." நெஞ்சு வலியில முகம் சுருங்கிக் கிடக்கு, அப்பவும் கேலி.

பாக்க ஆளு வந்துக்கிட்டே இருந்துது. டிரைவர்மாரு, மாலை போட்ட சாமிமாரு, பூக்கட்டுறவ, பள்ளிவாசல்லேருந்து ஒரு பாய். உலகக் கதை பேசி, ஆளைச் சிரிக்கவச்சு, மனசைக் கலைச்சிட்டுப் போயிருவாவ. அதனால கேட்டைக் கொக்கி போட்டுட்டேன். ஜெப நேரத்துல யாரும் கூப்பிடக் கூடாது, ஜெபம் முடிஞ்சு நான் திறப்பேன், அப்பத்தான் வரணும்னு சொல்லி வச்சேன். ஒரு நாள் நல்ல வெயில். வேலம்மாள் வந்து கேட்டுக்கு வெளிய நிக்கா. கையில திருச்செந்தூர் இலை விபூதி, பன்னீர் இலையில மடிச்சுக் குடுப்பாவல்ல, அது. நான் சன்னல் வழியாப் பாத்துட்டுத் திரும்பிக்கிட்டேன். அன்னைக்கு ஜெபம் நல்லா இறங்கி வந்துது, நீண்டுட்டு. அவிய கண்ணைத் திறந்து, "ஏட்டி, வெளிய ஆளு நிக்கு"ன்னாவ. ஒருத்தரும் இல்ல, கண்ணை மூடுங்கன்னேன். ஜெபம் முடிஞ்சு பாத்தா அவ போயிருந்தா. இலையை மட்டும் காம்பவுண்டுச் சுவர்ல வச்சு, பறக்காம ஒரு கல்லை வச்சிட்டுப் போயிருக்கா. எடுத்து வாய்க்கால்ல போட்டேன்.

அதுக்கப்புறம் ஒரு நாள், ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு காலம் ஆரம்பிச்சிருந்துது, நானும் அவியளும் மட்டும் இருந்தோம். கஞ்சி குடுத்துட்டு, இன்னைக்கு விடக் கூடாதுன்னு உக்காந்தேன். "நீங்க செஞ்ச பாவத்தை வாயால அறிக்கை பண்ணுங்க. ஆண்டவர்கிட்ட மறைச்சது எதுவும் இருந்தா சொல்லுங்க"ன்னேன். மோட்டுவளையைப் பாத்துக்கிட்டுக் கிடந்தாவ. சரி, தேவ ஆவியானவர் கிரியை செய்யுதாருன்னு நான் கஞ்சிக் கிண்ணத்தை ஓரமா எடுத்து வச்சேன். அப்புறம் சொன்னாவ:

"ஒண்ணு உண்டு. வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வாடகைக்குப் போறேன்னு சொல்லுவேம்லா. போக மாட்டேன். கோயிலுக்குப் பின்னால வண்டியை நிறுத்திட்டுப் படுத்துக் கிடப்பேன்."

எதுக்குன்னு கேட்டேன்.

"நீ ஜெபம் பண்ணுறது சன்னல் வழியாக் கேக்கும். கோயில்பிள்ளையை இரட்சியும் ஆண்டவரே, கோயில்பிள்ளையைத் தொடும் ஆண்டவரேன்னு அழுவ. வீட்டுல நீ என் பேரைச் சொல்லி நான் கேட்டதே இல்லைலா. அதைக் கேக்கத்தான்."

கோயில்பிள்ளை, அதுதான் அவிய பேரு. புருஷன் பேரை வீட்டுல யாரு சொல்லுவா? ஆண்டவர்கிட்டன்னா சொல்லித்தானே ஆகணும், இல்லைன்னா அவருக்கு எப்படித் தெரியும் எந்த ஆளுன்னு.

எனக்கு எப்படி இருந்திருக்கும்னு நீயே சொல்லு. அத்தனை வருஷம் கண்ணீரோட ஜெபிச்சிருக்கேன், அவிய ஜெபத்தைக் கேக்கல, பேரைக் கேட்டிருக்காவ. இதுவா பாவ அறிக்கை? அதோட விடல. "இனிமே வண்டியை எடுக்க முடியாது. வெள்ளிக்கிழமை மைக்குல ஜெபம் பண்ணுதியா? வீடு வரைக்கும் கேக்கும்"னாவ. கோயிலுக்கும் எங்க வீட்டுக்கும் நடுவுல ஒரு வாழைத் தோட்டம்தான். சரின்னேன். எப்படியோ காதுல விழட்டும்னுதான். அடுத்த வெள்ளியிலேருந்து மைக்குலதான் பண்ணினேன். கொஞ்சம் சத்தமாவே பண்ணினேன்.

குருத்தோலை ஞாயித்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை. காலையிலேயே மூச்சு ஒரு மாதிரி இழுத்துது. போகலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அவியதான் போன்னாவ. கையைக் காட்டி, போ போன்னாவ. போயிட்டேன். அன்னைக்கு மாதிரி நான் என்னைக்குமே ஜெபிச்சதில்ல. தொண்டை கட்டிப் போச்சு. முடிச்சிட்டுத் திரும்பிப் பாக்கேன், கோயில் வாசல்ல வேலம்மாள் நிக்கா. தலைமுடி கலைஞ்சு, முந்தானையை வாயில பொத்திக்கிட்டு நிக்கா. "எப்போ வந்த?"ன்னு கேட்டேன். "அப்பவே வந்தேன் மைனி. ஜெபம் முடியட்டும்னு நின்னேன்"னா. ஜெப நேரத்துல கூப்பிடக் கூடாதுன்னு நான்தான் சொல்லி வச்சிருந்தேன். அந்த விஷயத்துல அவளைக் குறை சொல்ல முடியாது. சொன்னதைக் கேட்டா.

நானும் கூட்டத்துல இருந்த ஐயரும் வாழைத் தோட்டத்துக்குள்ள விழுந்து ஓடினோம். அவிய போயிட்டாவ. நெத்தி நிறைய விபூதி.

நான் முந்தானையை எடுத்துத் துடைக்கப் போறதுக்குள்ள ஐயர் பாத்துட்டாரு. பாத்தவரு அந்த நெத்தியிலயே கையை வச்சு ஜெபம் பண்ணினாரு. கையில ஒட்டினதைக்கூடத் துடைக்கல. இதையும் நான் பிராதுல சொன்னேன்.

வேலம்மாளைப் பிடிச்சு உலுக்கினேன். யாரைக் கேட்டு கேட்டைத் திறந்த, யாரைக் கேட்டு இதைப் பூசினன்னு. "அண்ணாச்சி திணறின சத்தம் ரோட்டுக்குக் கேட்டுது மைனி, அதான் வந்தேன். வேர்த்துக் கொட்டுச்சு. என்ன செய்யன்னு தெரியல. எனக்குத் தெரிஞ்சது அதுதான்"னா.

கடைசியா எதுவும் சொன்னாவளான்னு கேட்டேன். ஆண்டவர் பேரைச் சொன்னாவளான்னுதான் கேட்டேன்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமைதானேன்னாவ. சன்னலைத் திறந்துவிடச் சொன்னாவ. கேக்குதா, கேக்குதான்னு என்னையே கேட்டாவ. எனக்கு ஒண்ணும் கேக்கல மைனி. ஆனா கேக்குது அண்ணாச்சின்னுட்டேன்."

அன்னைக்குப் பாத்து கரண்ட் இல்ல. மைக்கு வேலை செய்யல.

பாரு, சாகப் போற மனுஷன்கிட்ட பொய் சொல்லியிருக்கா. அதுவும் ஜெப விஷயத்துல.

ஜன்னலைக் கொஞ்சம் அடைச்சிக்கிடுதேன். கண்ணுல தூசி விழுது.

இப்போ நீ சொல்லு. அறிக்கை இல்ல, சாட்சி இல்ல, நெத்தியில விபூதி. இந்த ஆளை ஒரு ஐயர் மேடையில நின்னு மோட்சத்துல சேக்கலாமா? அடக்கத்துக்கு அப்படிக் கூட்டம். கோயிலுக்குள்ள இடம் இல்ல. டிரைவர்மாரு, சாமிமாரு எல்லாம் வெளிய துண்டைக் கையில பிடிச்சிக்கிட்டு நின்னாவ. ஐயர் சொல்லுதாரு, "ஊருல எல்லாரையும் கொண்டுபோய் வாசல்ல இறக்கிவிட்ட மனுஷன், இன்னைக்கு அவரே உள்ள போயிட்டாரு"ன்னு. எல்லாரும் அழுதாவ. எனக்குப் பத்திக்கிட்டு வந்துது. அப்போ நான் எதுக்கு? நான் கம்மலைக் கழட்டினது எதுக்கு? வயித்தைக் காயப்போட்டது எதுக்கு? பஞ்சாமிர்தம் தின்னவரும் உள்ள, தின்னாதவளும் உள்ளேன்னா, தின்னிருக்கலாமே?

மூணாம் நாள் ஐயர் வீட்டுக்கு வந்தாரு. விட்டேனா? "நீங்க போய்ப் பாத்திட்டு வந்தியளா?"ன்னு கேட்டேன். "இல்லம்மா"ன்னாரு. "பின்ன எப்படிச் சொன்னிய?" அந்தப் பிள்ளை தலையைக் குனிஞ்சிக்கிட்டுச் சொல்லுது: "நீங்க அவருக்காக எவ்வளவு காலமா ஜெபிச்சீங்க. ஆண்டவர் அதைக் கேட்டிருப்பாருன்னு நம்பித்தான் சொன்னேன். நீங்க நம்பலையாம்மா?"

நான் காப்பி போட அடுக்களைக்குப் போயிட்டேன். துக்க வீட்டுல போதகரோட வாக்குவாதம் பண்ணினா நல்லா இருக்காதுன்னுதான். பதில் இல்லாம இல்ல.

அதனாலதான் ஈஸ்டர் முடிஞ்ச கையோட இன்னைக்குப் புறப்பட்டு வந்தேன். பிஷப்பையா ஊருல இல்ல. செயலர்னு ஒரு வயசான ஐயர் இருந்தாரு. காப்பி வாங்கிக் குடுத்து, உக்காரவச்சு, உனக்குச் சொன்ன மாதிரி முழுசையும் கேட்டாரு. குறுக்கே பேசல. கடைசியா கண்ணாடியைக் கழட்டி வச்சிட்டுக் கேக்காரு: "சரிம்மா. உங்க ஐயரைக் கூப்பிட்டு, வார ஞாயித்துக்கிழமை சபையில திருத்திச் சொல்லச் சொல்லுதேன். கோயில்பிள்ளை அண்ணாச்சி மோட்சத்துல இல்லைன்னு. அப்படிச் சொன்னாச் சரியா இருக்குமா?"

எனக்கு வந்துதே ஒரு ஆத்திரம். எந்திரிச்சிட்டேன். அவியளைப் பத்தி உங்களுக்கு என்ன தெரியும்னு கேட்டேன். ஒரு நாள் அவிய வண்டியில ஏறியிருக்கியளா, அவிய ஒரு மனுஷன் மனசைச் சங்கடப்படுத்தி யாராவது பாத்திருக்காவளா, அவிய உள்ள இல்லைன்னு சொல்ல நீங்க யாருன்னு கேட்டேன். அந்த ஆபீஸ்ல இருந்தவங்க எல்லாம் எட்டிப் பாத்தாவ. பாக்கட்டும். அவரு, "உக்காருங்கம்மா, நான் ஒண்ணும் சொல்லலியே"ங்காரு. நான் உக்காரல. வந்துட்டேன்.

இப்போ பிராது ரெண்டாயிட்டு. எங்க ஐயர் மேல ஒண்ணு, இந்தச் செயலர் மேல ஒண்ணு. பிஷப்பையா வந்த பிறகு இன்னொரு நடை வரணும்.

எதுவரைக்கும் வந்திருக்கோம்? ஆழ்வார்திருநகரி தாண்டிட்டா? நான் பேசிக்கிட்டே வந்துட்டேன். நீ திருச்செந்தூர்ல யாரு வீட்டுக்கு? இன்னொரு பஸ் ஏறணுமா? எங்க, மணப்பாடுக்கா?

அப்போ நீங்க ஆர்.சி.யா, கத்தோலிக்கமா?

தப்பா ஒண்ணும் கேக்கல, பிள்ள. சும்மாதான் கேட்டேன். எங்க சபையில செத்தவங்களுக்காக ஜெபம் பண்ணுறது கிடையாது. மூச்சு நின்னா கணக்குத் தீர்ந்தது, அதுக்குமேல மனுஷன் செய்யறதுக்கு ஒண்ணும் இல்ல. ஓய்வுநாள் பள்ளியில பிள்ளைகளுக்கு நானே அப்படித்தான் சொல்லிக் குடுத்திருக்கேன். ஒரு பிள்ளை, எங்க தாத்தாவுக்காக ஜெபம் பண்ணலாமான்னு கேட்டதுக்கு, கூடாதுன்னு சொல்லி வைஞ்சிருக்கேன்.

ராத்திரி முழங்கால்ல நிக்கும்போது வாயில வந்துருது. பழக்கம். கோயில்பிள்ளையைன்னு ஆரம்பிச்சிருதேன். அப்புறம் ஞாபகம் வந்து நிறுத்திக்கிடுவேன். சில நாள் நிறுத்தாம முடிச்சிருவேன்.

உங்க கோயில்ல செத்தவங்களுக்குப் பூசை வைப்பாவல்ல? பேரு சொல்லி வைப்பாவ, இல்லையா? அது வேதத்துல இல்ல, தப்புதான், எனக்குத் தெரியும். நான் அதை நம்பவும் இல்ல. ஆனா நீ எப்படியும் ஞாயித்துக்கிழமை கோயிலுக்குப் போவேல்ல, போற பிள்ளை ஒரு பூசைக்குச் சொல்லிட்டா என்ன குறைஞ்சிரப் போகுது. அவிய போய்ச் சேந்திருந்தா நல்லது, உங்க பூசை வீணாப் போயிட்டுப் போகுது. ஒருவேளை அங்ஙன எதுவும் தகராறு இருந்தா ஒரு உதவியா இருக்கும்லா.

குரும்பூர் வந்துட்டு. கையைக் கொஞ்சம் பிடி, எந்திரிச்சிக்கிடுதேன். கண்டக்டர் தம்பி, கொஞ்சம் பொறு, மெதுவாத்தான் இறங்குவேன்.

ஏ பிள்ள, ஒண்ணு. எங்க ஐயருக்கு மட்டும் தெரிஞ்சிரக் கூடாது. ஆண்டவருக்குத் தெரிஞ்சாப் பரவாயில்ல. அவர்கிட்ட நான் பேசிக்கிடுதேன்.